ராஜம் அக்கா கண்ணைத் திறந்த ஜெபம்

இயேசுவுக்குள் பிரியமான என் சொந்தங்களே, என் மகள் என் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து இந்தச் சாட்சியை ஆரம்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முந்தின நாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். திடீரென்று கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே தெரியவில்லை. பஸ்ஸுக்கு எதிரே வண்டியை விட்டுவிட்டேன். பிள்ளை போட்ட சத்தத்தில்தான் பிரேக்கைப் பிடித்தேன். மறுநாள் காலையில், "நான் பஸ்லயே போறேம்மா" என்றாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் ஜெசி டீச்சர், செல்லூர். நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்தவள். போன வருஷம் கோடை விடுமுறையில் எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றைச் சின்னதாக்கிக் குடலை மாற்றி இணைத்தார்கள். எட்டு மாதத்தில் முப்பத்தைந்து கிலோ போய்விட்டது. பழைய சுடிதாரையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சம் பெருமையாகவே திரிந்தேன். அதன் பிறகுதான் இந்த நடுக்கம் ஆரம்பித்தது. டாக்டர் வரச்சொன்ன தேதிக்குக்கூடப் போகவில்லை. எடைதான் குறைகிறதே என்ற மெத்தனம்.

என் வீட்டுக்காரர் தறிப்பட்டறைக்காரர். தங்கமான மனுஷர். என் கை நடுங்கினால் போதும், பலவீனம் என்று நினைத்து ஒரு டம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்து நீட்டுவார். குடித்ததும் தெளியும். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி நடுங்கும். மறுபடி டம்ளர். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் அன்பைக் குடித்தும் நான் விழுந்துகொண்டே இருந்தேன். வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. என் பிள்ளையை என் கையாலேயே கொன்றுவிடுவேனோ என்ற பயம் தூங்கவிடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எனக்காகவே எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். வருகிறவர்களுக்கென்று வீட்டுக்காரர் தன் கையால் கேசரி கிண்டினார். நாலு மணிக்கு முதல் தட்டு எனக்குத்தான். ஆறு மணிக்கு எல்லோரும் கண்ணை மூடி ஊக்கமாக ஜெபிக்கும்போது எனக்கு நடுக்கம் வந்தது. வேர்வை கொட்டுகிறது. நாக்கு புரளவில்லை. பக்கத்திலிருந்த சகோதரிகள், பரிசுத்த ஆவியானவர் இறங்கி ஜெசியை அசைக்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் அழுதுகொண்டே நன்றி சொல்கிறார். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், வீடே சந்தோஷத்தில் இருக்கிறது. உள்ளுக்குள் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆண்டவரே, ஒருத்தராவது கண்ணைத் திறக்கட்டும்.

ராஜம் அக்கா திறந்தார். மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கிறவர். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் பழக்கம். அதற்காக நானே டீச்சர் தோரணையில் இரண்டு தடவை கண்டித்திருக்கிறேன். அந்த அக்காதான் கூட்டத்தைத் தாண்டி வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நிறுத்துங்கப்பா. இது அபிசேகம் இல்ல. சுகர் இறங்குது."

அவர் கணவர் சர்க்கரை நோயாளி. அதனால் சோதிக்கிற மிஷின் எப்போதும் பையில் இருக்கும். விரலில் குத்திப் பார்த்தார். நாற்பத்தெட்டு. வீட்டுக்காரர் டம்ளரோடு ஓடி வர, அக்கா அவர் கையைப் பிடித்தார். "இம்புட்டும் குடுக்காதீங்க தம்பி. அளவாக் குடுப்போம்." மடக்கு மடக்காகக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் அவித்த முட்டையைத் தின்ன வைத்தார். பிறகு, எப்போது சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டுக் கேட்டு, இனிப்பு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில்தான் எனக்கு இது வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

டாக்டர் விளக்கினார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குகிறது. உடம்பு பதறிப்போய் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது, சர்க்கரை மடமடவென்று விழுகிறது. ஆக, என்னைத் தூக்கிவிட்ட டம்ளர்தான் அடுத்த தடவை தள்ளியும் விட்டது. வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "நானே ஒன்னக் கொன்னுருப்பேன் ஜெசி" என்றார். "கேசரி நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

இப்போது ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. முதலில் முட்டை, பயறு, மீன். கடைசியில்தான் சோறு. ஒரு மாத்திரையும் உண்டு. உபவாசம் இருப்பதென்றாலும் டாக்டரைக் கேட்காமல் இல்லை. இன்னும் எப்போதாவது இறங்கத்தான் செய்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறேன். மிஷினில் பார்க்காமல் வண்டியை எடுப்பதே இல்லை.

போன வாரம் அப்படித்தான் விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்று நாலு. பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற மகள் எட்டிப் பார்த்தாள். "இரும்மா, நானும் வாரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுடைய இரண்டு கைகளும் என் வயிற்றைச் சுற்றி வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கண் மறைத்தது. இது சர்க்கரை இல்லை, கண்ணீர் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

சோர்ந்துபோயிருக்கிறவர்களே, கேளுங்கள். டாக்டரிடம் ஒளிக்காமல் போங்கள், ஆண்டவரிடமும் ஒளிக்காமல் போங்கள். எனக்கு அன்றைக்கு வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதையும் அவர் கேட்டார்.