பாட்டு நடுவே பொன்னாடை

1. பாதியில் நின்ற பாட்டு

ஷீபாவுக்கு முதல் விருது கிடைத்த அன்று அவள் பாட்டு பாதியில் நின்றது. நிறுத்தியது மின்வெட்டும் இல்லை, மழையும் இல்லை. அந்த விருதுதான்.

சித்தூரில் ஒரு கல்யாண மண்டபம். இளம் கலைஞர்களுக்கு மரியாதை செய்யும் விழா. சவுண்ட் என் பொறுப்பு. கல்யாணம், சர்ச் கன்வென்ஷன், திருவிழா, கட்சிக் கூட்டம் என்று இந்த மாவட்டத்தில் நான் சவுண்ட் மிக்சரில் உட்காராத மேடை குறைவு. வெளியே பார்த்தால் அனுபவஸ்தன். ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு "கொர்" கேட்டால் போதும், பதறிப்போவேன். அதை மறைக்கத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். ராத்திரியிலும் போடுவதால் பாதி நேரம் பட்டன் தெரியாது. அது வேறு கஷ்டம்.

ஷீபா மிஷன் சர்ச் குடும்பத்துப் பெண். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங், பாகங்களைச் சோதித்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிக்கும் வேலை. வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டல், லீவு நாளில் கையில் கிட்டார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். ஆல்டர்னேட்டிவ் ராக் என்று அதற்குப் பெயர். மெல்ல ஆரம்பிக்கும், நடுவில் கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி எகிறும். அவள் அப்பா முதல் தடவை கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தான் கீது. யார் மேலம்மா கோவம்?" என்று கேட்டார்.

அன்று அவள் பாடியது ஷிப்ட் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. "பஸ் வந்துகினு கீது, நான் இன்னும் வரல" என்று பல்லவி. இரண்டாவது சரணத்தில் இருந்தபோது சபாபதி ஐயா மேடை ஏறினார்.

சபாபதி ஐயாவுக்கு நகரியில் விசைத்தறி இருக்கிறது. கலை என்றால் உயிர். அவர் தோள்பையில் எப்போதும் பொன்னாடை இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு உச்சத்தில் இருக்கும்போதே பெரிய மனிதர் மேடை ஏறி, பாடுகிறவருக்குப் போர்த்தி, நினைவுப் பரிசைக் கொடுத்து, கேமரா பக்கம் திரும்பி நிற்பார். ஆர்கெஸ்ட்ரா பாடகர்களுக்கு இது பழக்கம். ஒரு கையில் மைக், ஒரு கையில் கும்பிடு, பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டார் வாசித்துப் பாடுகிறவளுக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது?

பொன்னாடை தோளிலிருந்து சரிந்து தந்திமேல் விழுந்தது. கிட்டார் "டொப்" என்று செத்தது. படம் எடுக்க வாகாக நகர்ந்த ஐயா, அவள் காலடியில் வரிசையாக இருந்த, கிட்டார் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெடல்கள்மேல் முழு எடையோடு நின்றார். ஸ்பீக்கரில் லாரி ரிவர்ஸ் வருவதுபோல ஒரு உறுமல். நான் கேபிளை மாற்றினேன், அதையே திரும்ப மாற்றினேன், எதற்கென்று தெரியாமல் மின்விசிறியை அணைத்தேன். அறிவிப்பாளர் பாட்டு முடிந்ததாக நினைத்து நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பின்பக்கப் படிக்கட்டில் ஷீபா கேடயத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அவார்டு குடுத்தாங்கண்ணா. எதுக்குன்னுதான் தெரியல. பாட்ட யாருமே முழுசா கேக்கல."

"இன்னாம்மா, மரியாதைதானே."

"மரியாதை பாஸு. பாட்டு ரிஜெக்ட்டு."

2. மரியாதை ரிகர்சல்

அடுத்து வந்தது திருப்பதி. சொந்தப் பாட்டை நேரடியாக மேடையில் வாசித்துக் காட்டும் போட்டி. ஜெயித்தால் விருதோடு, சென்னை ஸ்டுடியோவில் ஒரு முழு ஆல்பம் பதிவு. அதுவரை அவள் பாட்டெல்லாம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் செல்போனில் பிடித்தவை. பின்னணியில் பிரஷர் குக்கர் விசில் கேட்கும். ஆகவே அவளுக்கு அந்த ஸ்டுடியோ வேண்டும். அதை அவள் மறைக்கவே இல்லை.

விதி ஒன்றுதான் முக்கியம்: ஆரம்பித்த பாட்டு நிற்கக் கூடாது. எந்தக் காரணத்தால் நின்றாலும் போட்டியிலிருந்து அவுட்.

விழாவுக்குப் பணம் போட்டவர்கள் பட்டியலில் சபாபதி ஐயாவின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. "பேசாம பேர வாபஸ் வாங்கிடலாம்மா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேறாத பாகத்தைத் தட்டில் ஒதுக்குகிற பார்வை. பிறகு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக நகரிக்குப் போனாள்.

தறிச் சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஐயா, திருப்பதில நான் பாடசொல்லோ தயவுபண்ணி மேடை ஏறாதீங்க. முடிஞ்சப்புறம் போத்துங்க."

ஐயா சங்கடப்பட்டார். "பாப்பா, பாட்டு நடக்கசொல்லோ போத்தினாத்தான் அது மரியாதை. முடிஞ்சப்புறம் போத்தினா வழியனுப்பற மாதிரி ஆயிடும்."

"பாட்டு நின்னுடுதே ஐயா."

"நீ ஏன் நிறுத்தற? நீ பாடிக்கினே இரு. நான் போத்திட்டுப் போய்க்கினே இருக்கேன்."

"சரி, யோசனை பண்ணுங்க ஐயா."

"பண்றேன் பாப்பா. ஆனா கை சும்மா இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

நான் தலையில் கைவைத்தேன். ஷீபா மட்டும் அலமாரியைக் காட்டி, "டெஸ்ட்டிங்குக்கு ஒரு பொன்னாடை குடுங்க ஐயா" என்றாள். அவர் மகிழ்ந்துபோய் ஒரு கட்டே கொடுத்தார்.

எங்கள் டிரம்ஸ் சுரேந்திரா ரேணிகுண்டாவில் டீசல் மெக்கானிக். அவன் ஒர்க்‌ஷாப் ஷெட்டில், பலகை அடுக்கிய மேடைமேல்தான் ரிகர்சல். அங்கே ஷீபா எனக்கு ஒரு புது வேலை கொடுத்தாள். சபாபதி ஐயாவாக நடிக்கும் வேலை. அவள் பாடும்போது எந்த இடத்தில் வேண்டுமானாலும் நான் மேடை ஏறிப் போர்த்த வேண்டும். மாலை போட வேண்டும். கேடயத்துக்குப் பதில் ஒரு பிஸ்டன் மூடியை நீட்ட வேண்டும். கேமராவுக்குச் சிரிக்க வேண்டும்.

சுரேந்திரா சின்ன வயதிலிருந்து தெலுங்கையும் தமிழையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டவன். "அன்னா, நெம்மதிகா ராவாலி, மெதுவா வரணும். ஆயனக்கு முட்டி வலி கீது. இவ்ளோ ஸ்பீடா ஏற மாட்டாரு" என்று எனக்கு நடிப்புப் பாடம் எடுத்தான்.

முதல் முயற்சியில் பொன்னாடை தந்தியில் விழுந்தது. "ரிஜெக்ட்டு" என்றாள். அடுத்ததில் என் கால் பெடல்மேல். "ரிஜெக்ட்டு." மாலை மைக்கில் மாட்டி ஸ்டாண்டோடு சாய்ந்தது. "ரிஜெக்ட்டு. திரும்ப ஏறுங்கண்ணா." ஒவ்வொன்றுக்கும் வழி கண்டுபிடித்தாள். துணி வரும்போது இடது தோளைத் தாழ்த்தினால் அது முதுகுப்பக்கம் வழுக்கிவிடும். பெடல்களை மேடைமேல் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தால் பெரிய மனிதர் கால் எட்டாது. மாலை வந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு பக்கத்து மைக்குக்குத் தாவலாம். கேடயத்தை டிரம்ஸ் பக்கம் கண்ணால் காட்டினால் சுரேந்திரா ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறுகையால் அடித்துக்கொண்டிருப்பான்.

நாள் முழுக்க மேடை ஏறி இறங்கியதில் முட்டி வலி எனக்குத்தான் வந்தது. கடைசியில் நான் எப்படிப் போர்த்தினாலும் பாட்டு நிற்கவில்லை. இரண்டு பொன்னாடை, ஒரு மாலையோடு அவள் முழுப் பாட்டையும் பாடி முடித்து, வியர்வையைப் பொன்னாடையிலேயே துடைத்துக்கொண்டு, "பாஸு" என்றாள்.

3. திருப்பதி

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நடுவர்கள், அவர்களுக்குப் பின்னால் சபாபதி ஐயா, மடியில் அந்தப் பை. என் சவுண்ட் டெஸ்க் மண்டபத்தின் நடுவில். நான் மிக்சரைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷீபா ஆரம்பித்தாள். முதல் சரணம் சுத்தமாகப் போனது. ஐயா அசையவில்லை. இரண்டாவது சரணம், அதற்கும் அசையவில்லை. அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

பாட்டில் கடைசிப் பல்லவிக்கு முன்னால் ஒரு அமைதி வரும். டிரம்ஸ் நின்று, கிட்டார் ஒற்றைத் தந்தியில் இழைய, அவள் கிட்டத்தட்ட பேசுகிற குரலில் பாடுவாள். அந்தக் குரல் கேட்பதற்காக நான் மைக்கைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். ஏற்றினேன். அந்த நேரத்தில் ஐயா எழுந்தார், பையைத் திறந்தார்.

மேடைப் பக்கம் போவார் என்று நான் மூச்சைப் பிடித்தேன். ஷீபாவும் பார்த்துவிட்டாள், இடது தோள் தாழ்ந்தது. அவரோ திரும்பி என்னை நோக்கி நடந்துவந்தார்.

"நைனா," என்றார் என் காதருகில், பாசமாக. "பாப்பா மேடை ஏற வேணாம்னுச்சி. ஏறல. ஆனா மைக்செட்டுக்காரன யாரு மதிக்கறாங்க? குனி."

"ஐயா, வேணாங்கையா, வேலைல கீறேன்."

"வேலைல கீறசொல்லோதான் மரியாதை."

நான் இரண்டு கையாலும் தடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ தடவை போர்த்தியிருக்கிறேனே தவிர, எனக்கு யாரும் போர்த்தியதில்லை. வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. பொன்னாடை என் தலைமேல் விழுந்து கண்ணாடியை மறைத்து மிக்சர்மேல் சரிந்தது. அதை இழுத்தபோது என் முழங்கை, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் ஒன்றை உச்சிக்குத் தள்ளிவிட்டது.

ஹவுலிங். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு ஊளையிடும் அந்தச் சத்தம். மண்டபமே காதைப் பொத்தியது.

துணிக்கு அடியில் எந்த ஃபேடர் என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பட்டன். அமுக்கினால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நிற்கும். ஊளை போகும். பாட்டும் போகும். ஸ்டுடியோவும் போகும். விரல் தானாக அதன்மேல் போய்விட்டது. பதறுகிறவனுக்கு அதைவிட நிம்மதியான பட்டன் உலகத்தில் இல்லை.

துணியை விலக்கி மேடையைப் பார்த்தேன். ஷீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். வேண்டாம் என்று.

பிறகு மைக்கைவிட்டு ஓர் அடி பின்வாங்கி, கிட்டார் தந்தியை விரலால் வளைத்தாள். சத்தம் மேலே ஏறியது, ஊளையைத் தேடி ஏறியது, அதன் சுருதியைத் தொட்டு நின்றது. இப்போது மண்டபத்தில் இரண்டு ஊளை, ஒரே சுருதியில். அதற்குள் என் கைக்குச் சரியான ஃபேடர் கிடைத்தது. மெல்ல இறக்கினேன். ஹவுலிங் அடங்கியது, அது இருந்த இடத்தில் கிட்டார் மட்டும் நின்றது. சுரேந்திரா சிம்பலில் ஓங்கி ஒன்று வைத்தான். "பஸ் வந்துகினு கீது" என்று அவள் எடுத்தபோது காதைப் பொத்தியிருந்த கையெல்லாம் இறங்கியது.

பாட்டு முடிந்தது. முழுசாக.

நடுவர்களில் ஒரு அம்மா மைக்கை வாங்கினார். "கடைசிக்கு முன்னாடி ஒரு ஹவுலிங் வந்துச்சே. துணிச்சலான இடம். அது நீங்க கம்போஸ் பண்ணதா?"

நான் டெஸ்க்கிலிருந்து ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். பொன்னாடையின் ஜரிகையும் சேர்ந்து ஆடியது.

"இல்ல மேடம்," என்றாள் ஷீபா. "எங்க சவுண்ட் அண்ணாவுக்கு மரியாதை பண்ணாங்க. துணி மிக்சர் மேல விழுந்துடுச்சி. அத நான் கம்போஸ் பண்ணல. நிறுத்தக் கூடாதுன்றது மட்டும்தான் நான் முடிவு பண்ணது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார். போச்சு, உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அவள் பெயரைத்தான் அறிவித்தார்கள்.

கீழே இறங்கி வந்தவளிடம் சபாபதி ஐயா பெருமையாக, "நான் மேடை ஏறலியே, பாத்தியா பாப்பா" என்றார்.

"பாத்தேன் ஐயா. ரொம்ப நன்றி. அடுத்த தடவ டெஸ்க்குக்கும் போவாதீங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதறாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் இன்றும் பதறுகிறவன்தான். பதறும்போது எல்லாவற்றையும் அணைக்கத் தோன்றும். அணைத்தால் நமக்கு நிம்மதி, பாடுகிறவருக்கு நஷ்டம். ஆகவே கை நடுங்கினாலும் ஃபேடரிலேயே நடுங்கட்டும். கண் மட்டும் மேடையில் இருக்கட்டும். அங்கே நிற்கிறவர் நிறுத்தாதவரை, கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு நிறுத்த உரிமை இல்லை.