ஓரகத்தி ஆல்பத்தில் இருந்த என் மூக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கம்ப்யூட்டர் என்றால் பேங்கிலும் ரயில் டிக்கெட் எடுக்கும் இடத்திலும் இருக்கிற பெட்டி என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்த காலம். அடையாறில் ஒரு வீட்டு மாடி அறையில், அப்படி ஒரு பெட்டிக்குள் என் மூக்கைப் பார்த்தேன். என் முகத்தில் அப்போது மூக்கு இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், அவசரமில்லை.

நான் மயிலாப்பூரில் கீரை விற்றவள். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் சாக்கு விரித்து, கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரே இடம். மூன்றாவது வரை படித்தேன். அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் நான் தேவைப்படவில்லை. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் அந்தத் தெருவில் என்னைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரம் செய்தவள் கிடையாது. எடுப்பான மூக்கு, இரண்டு பக்கமும் வெள்ளைக்கல் மூக்குத்தி. அந்த மூக்கில்தான் ஒரு புண் வந்தது. வந்தது போகவில்லை. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, உயிர் வேண்டுமென்றால் மூக்கை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள், உயிர் தங்கியது. அதில் எனக்கு யார் மேலும் குறையில்லை.

வீட்டுக்கு வந்து முகம் பார்த்த அன்றைக்கே கண்ணாடியைக் கழற்றிப் பரண் மேல் போடச் சொல்லிவிட்டேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். கடையில் மகள் உட்கார்ந்தாள். "முக்காடு போட்டுக்கினு வந்து உக்காரும்மா, யாரு இன்னா சொல்லப் போறாங்க" என்று நாள் தவறாமல் கூப்பிடுவாள். மூடிக்கொண்டு விற்க நான் என்ன திருட்டுக் கீரையா வைத்திருக்கிறேன்? போனால் முகத்தோடு போவேன், இல்லாவிட்டால் கடையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, கடை இல்லாமல் எனக்கு நாள் நகரவில்லை. விடிகாலையில் கீரை வண்டி வரும் நேரத்துக்கு விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

செயற்கையாக மூக்கு செய்து தருகிற ஒரு டாக்டரம்மா அடையாறில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் அவர் பல் டாக்டர். மூக்குக்கு எதற்குப் பல் டாக்டர் என்று எனக்குச் சந்தேகம். பல் செட்டு செய்கிற கைதான் காது, மூக்கு எல்லாம் செய்யுமாம். என் பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெழுகில் ஒரு மூக்கு செய்து, முகத்தில் பொருத்தி, கண்ணாடியை நீட்டினார்.

அழகாகத்தான் இருந்தது. யாரோ நல்ல குடும்பத்துப் பெண்ணின் மூக்கு.

"இது என்னுது இல்ல டாக்டரம்மா" என்றேன்.

"கொஞ்ச நாள் போட்டுக்கிட்டா பழகிடும்மா. அப்புறம் உங்களுதுதான்."

"அடுத்தவ செருப்பக்கூட நான் போட்டதில்ல. அடுத்தவ மூக்க எப்படி போட்டுக்கினு தெருவுல போறது?"

மகள் என் தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துவிட்டார். மாடியில் அவருடைய தம்பி இருக்கிறாராம். பழைய கட்டிடங்களைப் பல பக்கமிருந்து போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை வைத்தே கம்ப்யூட்டருக்குள் அளவு மாறாமல் திரும்ப எழுப்புகிற வேலையாம்.

"அவன் மூக்கு செஞ்சதில்ல. கோபுரம் செஞ்சிருக்கான்" என்றார்.

"கோபுரம் செஞ்சவரு மூக்கு செய்ய மாட்டாரா?" என்று நான் எழுந்துவிட்டேன்.

மேலே போனோம். தம்பி பொறுமைசாலி. வீட்டில் இருந்த போட்டோக்களையெல்லாம் மகள் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மகளின் கல்யாண ஆல்பத்தையும் கடைசிவரை புரட்டிவிட்டு மூடினார். அத்தனை படத்திலும் நான் போட்டோக்காரனை நேருக்கு நேர் பார்த்தபடி விறைப்பாக நிற்கிறேன். போட்டோ என்றால் பின்னே எப்படி நிற்பார்கள்?

"முன்னாடியிருந்து பாத்தா மூக்கு எவ்வளவு அகலம்னு தெரியும்மா. எவ்வளவு எட்டி நிக்குதுன்னு தெரியாது. பக்கவாட்டுல ஒண்ணு, சாஞ்சாப்பல ரெண்டு மூணு வேணும். எல்லாம் ஒரே நாள்ல, ஒரே கேமராவுல எடுத்ததா இருந்தா இன்னும் நல்லது. அப்படி ஏதாவது இருக்கா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இருந்தது. எங்கே இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி, ராயப்பேட்டையில் இருக்கிறாள். அவள் மகளுக்கு தி.நகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள் நான். சீர்த்தட்டை முதலில் நான் எடுக்க வேண்டியது. அவளோ தன் அண்ணன் பெண்டாட்டி கையில் கொடுத்து முன்னால் நடக்கவிட்டாள். எல்லோர் எதிரிலும். அதன் பிறகு மேடையில் குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது, போட்டோக்காரன் இங்கே பாருங்கள் என்று கத்தினான். எல்லோரும் பார்த்தார்கள். நான் முகத்தை வெடுக்கென்று வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மேடையை விட்டு இறங்கியவள்தான், அவளோடு பேச்சில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தாளாம். பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"நான் மட்டும் போய் வாங்கிக்கினு வரட்டா?" என்றாள் மகள். உன்னிடம் தரமாட்டாள் என்றேன். எனக்கு அவளைத் தெரியும். முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு மகளோடு ஆட்டோவில் ஏறினேன். ராயப்பேட்டை வருகிறவரை, இந்த மூக்கு அப்படி வேண்டுமா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். வேண்டும் என்றுதான் பதில் வந்தது.

கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாக்கா. ராயப்பேட்டைக்கு இப்பத்தான் ரோடு போட்டாங்களா?"

மகள் முந்திக்கொண்டாள். "சித்தி, உன் பொண்ணு கல்யாண ஆல்பம் வோணும்."

"இன்னாத்துக்கு? உங்கம்மா மூஞ்ச திருப்பிக்கினு நின்னாளே, அந்த அழகப் பாக்கவா?"

"ஆமா. அத பாக்கத்தான்" என்றேன் நான்.

நக்கல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வாயைத் திறக்கப் போனாள். நான் முந்தானையை எடுத்தேன். வீட்டு ஆட்களும் டாக்டர்களும் தவிர யாரும் பார்க்காத முகம். அவள் அழுதிருந்தால் நான் அப்படியே திரும்பி வந்திருப்பேன். அவள் அழவில்லை. கிட்டே வந்து, துணி வாங்கும்போது நூலைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"மூச்சு நல்லா உட முடியுதா?"

"உடுறேன்."

"சாப்புட்டா ருசி தெரியுதா?"

"பாதி தெரியுது."

"சரி, உக்காரு" என்று உள்ளே போனாள். ஆல்பத்தோடு வந்தாள். அதைத் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். புரட்டவில்லை. திறந்தாள், அந்தப் பக்கம் தானாக வந்து நின்றது. எல்லோரும் நேரே பார்க்க, நடுவில் நான் மட்டும் பக்கவாட்டில், வாசலைப் பார்த்துக்கொண்டு. நெற்றி, மூக்கு, உதடு, தாடை எல்லாம் கத்தரித்து ஒட்டினாற்போல் தெரிகிறது.

"வூட்டுக்கு வர்ற ஒருத்தரையும் உடமாட்டேன். எங்க அக்கா கர்வத்தப் பாருங்கன்னு இதத்தான் காட்டுவேன்" என்றாள். உண்மைதான். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மற்ற இடத்திலெல்லாம் பளபளவென்று இருக்க, என் மூக்கு இருந்த இடத்தில் மட்டும் விரல் வைத்து வைத்து மங்கிப்போயிருந்தது. தாளை உரித்துப் பார்த்தோம். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆல்பத்தை மகள் வாங்கக் கை நீட்டினாள். அவள் தரவில்லை. "இது எங்க போவுதோ அங்க நானும் வருவேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதே ஆல்பத்தில் வேறு படங்களும் கிடைத்தன. பெண்ணுக்குக் கன்னத்தில் சந்தனம் பூசும்போது சாய்ந்து நிற்கிறேன். பந்தியில் குனிந்து யாரிடமோ ஏதோ சொல்கிறேன். சண்டைக்கு முன்னால் எடுத்தவை. அடையாறு மாடியில் தம்பி ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பிறகு ஒரு படத்தில் என் கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டி, இன்னொரு படத்திலும் அதே கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டி, இதுவும் அதுவும் ஒரே இடம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார். அப்படியே மூக்கு நுனி, துவாரத்தின் விளிம்பு, கன்னத்து மச்சம். மூக்குத்திக் கல் எந்தப் படத்திலும் மின்னுவதால் அவருக்கு அதன் மேல் தனிப் பிரியம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை விடப் பொறுமையான வேலை. இன்னும் நாள் பிடிக்கும், முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

சொல்லி அனுப்பினார். மூவரும் போனோம்.

பெட்டியில் முதலில் வெறும் கோடுகள்தான். சாந்தோம் கரையில் காயப்போட்ட வலை மாதிரி. அவர் எதையோ அழுத்த, அந்த வலை மேல் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்தது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற முகம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதைத் திருப்பினார். போட்டோ திரும்புமா? இது திரும்பியது. கைகூப்பலாமா என்றிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

முகத்தைச் சுற்றி அங்கங்கே சின்னச் சின்னக் கட்டங்கள் மிதந்தன. அது என்ன என்று கேட்டேன். அன்றைக்குப் போட்டோக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடங்களாம். யாரும் குறித்து வைக்கவில்லை, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாம். "இந்தப் படத்துக்கு மட்டும் ரொம்ப உயரத்துலேர்ந்து எடுத்திருக்கார்" என்று ஒரு கட்டத்தைக் காட்டினார்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டூலு! பந்தியில எல்லாரும் தெரியலன்னு எங்கிட்டதான் ஸ்டூலு கேட்டு வாங்கினான்!"

தம்பியே அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் விளங்கிக்கொண்டிருக்கிறது. "இப்போ இதுக்கு உருவம் இருக்கு, அளவு இல்லம்மா. பட்டாணி அளவும் இருக்கலாம், மலை அளவும் இருக்கலாம், இந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. படத்துல இருக்கற ஏதாவது ஒண்ணோட நெஜ அளவு வேணும். உங்க கண்ணு ரெண்டும் அப்படியே இருக்கே, அது போதும்." இரும்பில் ஒரு கவட்டை மாதிரி அளவுகோலை எடுத்து, என் இரண்டு கண்களின் உள்ஓரத்துக்கும் நடுவே மெல்ல வைத்தார். முகம் சுளிக்காமல், அவ்வளவு கிட்டத்தில். எண்ணைத் தட்டினார். படத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இப்போது அது என் அளவு.

"பாத்து சொல்லுங்கம்மா, உங்களுதுதானா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை! ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் நேரே பார்த்த மூக்குதான் எனக்குத் தெரியும். பக்கவாட்டில் அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லையே. அவ்வளவு வீம்பு பிடித்து இங்கே வந்து நிற்கிறேன், என் மூக்கை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இதேதான்" என்றாள் ஓரகத்தி. "அந்த நடுவுல சின்னதா ஒரு மேடு கீது பாரு, அந்தத் திமிரு மேடு. ஊருக்கெல்லாம் காட்டினவ நானு, எனக்குத் தெரியாதா?"

தம்பி படத்தை மேல்நோக்கிச் சாய்த்தார். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி துவாரமும் நுனியும் தெரிந்தன. மகளிடமிருந்து சத்தமே இல்லையே என்று திரும்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மடியில படுத்துக்கினு பாத்த மூக்கும்மா" என்றாள்.

அந்த உருவத்தைக் கம்ப்யூட்டரிலேயே வெங்காயம் அரிவதுபோல் வில்லை வில்லையாக அரிந்து, நிஜ அளவில் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். டாக்டரம்மா அட்டையில் வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட, மேசை மேல் என் மூக்கு எழுந்தது. அதைப் பார்த்து மெழுகு, மெழுகிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ரப்பர் மாதிரி மெத்தென்ற மூக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் என்னை உட்கார வைத்து என் நிறத்துக்கு நிறம் கலந்தார். கன்னத்தில் பசை வைத்து ஒட்டியதும், ஓட்டை விழுந்த மாதிரி இருந்த என் குரல்கூடக் கொஞ்சம் கூடிவந்தது.

மறுநாள் முக்காடில்லாமல் கடைக்குப் போனேன். மகள் பக்கத்திலேயே நின்றாள், நான் எழுந்து ஓடிவிடுவேனோ என்று பயந்தவள்போல. முதலில் வந்தது வாடிக்கையாக வரும் ஒரு மாமி. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எங்க போயிட்டே இத்தன நாளா? உன் பொண்ணு கட்டற கட்டு ஒரு வேளைக்குக்கூடப் போறல. ஆத்துல எல்லாரும் கேட்டுண்டே இருக்கா. முளைக்கீரை ரெண்டு குடு, நீ கட்டினதா பாத்துக் குடு."

அவர் என் முகத்தில் எதையும் தேடவில்லை. எனக்கு அது போதும். "நான் கட்டினா ஒரு கட்டே போதும் மாமி" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மூக்கு தேயத் தேய, கம்ப்யூட்டரில் இருந்த அளவை வைத்து டாக்டரம்மா புதிது செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். ஓரகத்தியும் நானும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம், ஆனால் பேசிக்கொண்டே. காலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் சரிபார்க்கும்போதெல்லாம், நான் ஒருநாளும் பார்த்திராத என் முகத்தின் பக்கங்களை என் மகள் ஆசையாகவும் ஓரகத்தி ஆத்திரமாகவும் இத்தனை காலம் வைத்திருந்து எனக்கே திருப்பிக் கொடுத்தார்களே என்று, கையில் பசையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறேன்.