உருகிய சீப்பு

என் சமையலறை இழுப்பறையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் சீப்பு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது ஒரு தலையைக்கூட வாரியதில்லை. யாரும் தவறிப்போய் எடுத்துவிடக் கூடாது என்று அதன் முதுகில் ஊசியைச் சுட்டு ஒரு சிலுவை கீறியிருக்கிறது. ஓரத்தில் ஐந்து பற்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அதில் குல்குல் உருட்டினால் வரி வரியாக வர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் மொழுக்கென்று இருக்கும். அந்த மொழுக்கைப் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கும். அறைய வேண்டிய ஆள் செத்துப்போய்விட்டார், அதுவும் நிம்மதியாகத் தூக்கத்தில்.

குல்குல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதாவில் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் டால்டா சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு கிள்ளி, சீப்பின் பல்மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்திச் சுருட்டினால் குட்டிச் சங்கு மாதிரி வரும். பொரித்துப் பாகில் புரட்டிவிட்டால் ஆயிற்று. கிறிஸ்துமஸ் பலகாரங்களிலேயே சுலபமானது இதுதான். பக்குவம் தப்பாது, நான்கு வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும். ஒரே தொல்லை, நேரம். ஒரு கிலோ மாவைச் சுண்டைக்காய் சுண்டைக்காயாகக் கிள்ளி உருட்டி முடிக்கப் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தாலும் பொழுது சாய்ந்துவிடும்.

சீப்பு என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தாள். டிசம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் அவள் வீட்டு முன்னறையில் பழைய பேப்பரை விரித்து, அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வட்டமாக உட்கார வைத்துவிடுவாள். ஆளுக்கொரு சீப்பு. சரியாக மதியம் ஒரு மணிக்கு ஆரம்பம். மாவு தீரப்போகிறது என்றால் உள்ளே போய் இன்னொரு உருண்டை பிசைந்துகொண்டு வருவாள். எங்களுக்குக் கட்டை விரல் வலிக்கும், கால் மரத்துப்போகும். யாராவது எழுந்தால் போதும், "இருங்க கண்ணுங்களா, மாவு இன்னும் இருக்கு" என்பாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் வீட்டுத் தகர டின்கள் எல்லாம் நிரம்பி, வாளியிலும் குல்குல் இருக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை ஏக்கம், பாவம் என்று தெருவில் உச்சுக்கொட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமாவுக்கு ஒரு பட்டறையில் வேலை, சனிக்கிழமை அரை நாள். நேராக வீட்டுக்கு வர மாட்டார். குடித்துவிட்டு மூன்று மணி வாக்கில் வருவார். வாசலில் பிள்ளைகளின் செருப்பைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பிறகு சிரித்து, ஒரு குழந்தையின் தலையைத் தடவி, இரண்டு குல்குல்லை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஊர்ப் பிள்ளைகள் கண்ணெதிரே அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வாரா?

மற்ற நாட்களில் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லாமல் கதவு சாத்தியிருந்தது. அத்தையின் உதடு வீங்கியிருக்கும், கதவு இடித்துவிட்டது என்பாள். காதோரம் முடி கொத்தாகக் காணாமல் போயிருக்கும், பொடுகு என்பாள். ஒருமுறை விலா எலும்பு விரிசல் விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் அப்பாவே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "அடிக்கிற கைதான் அணைக்கும், அனுசரிச்சுப் போ" என்று அவர் சொல்லி அனுப்பியதை நான் கேட்டேன். அந்தப் பழமொழியை உண்டாக்கியவர் அடி வாங்கியவராக இருக்க முடியாது.

எனக்குப் பதினோரு வயதாக இருந்த டிசம்பர் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. மாமா வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார், பட்டறையில் ஏதோ தகராறு. இந்த முறை சிரிக்கவில்லை, உள்ளே போகவும் இல்லை. "போதும் பிள்ளைங்களா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். அத்தை மாவுக் கையோடு எழுந்து, மாவு இன்னும் இருக்கிறது என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"நீதானம்மா பெரிய பொண்ணு. சின்னதுங்களைக் கூட்டிட்டுப் போய் அவங்கவங்க வீட்ல விடு."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "இரும்மா. கொஞ்சம்தான் இருக்கு, முடிச்சிட்டுப் போ" என்றாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விரல் வலித்தது. பெரிய பெண் என்று சொன்னது பிடித்திருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, வாத்துக் கூட்டத்தை ஓட்டுகிற மாதிரி எட்டுப் பேரையும் ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் முதல் சத்தம் கேட்டது. தகர டின் சுவரில் மோதி உருண்டது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். நான் மட்டும் திரும்பிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் அத்தையின் கொண்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தை மாவுப் பலகையில் வைத்து அழுத்தினார். தூக்கினார், மறுபடி அடித்தார். மாவில் ரத்தம் ஒட்டி வந்தது. பூரிக்கட்டையை எடுத்து முதுகில் நான்கு போட்டார். அதுவரை அத்தை வாயைத் திறக்கவில்லை, தெருவில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்திருப்பாள். பிறகு முன்னறையிலிருந்து, ஜன்னலுக்கு நேரே தெரிகிற அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பிள்ளைகளுக்காகக் காயவைத்த எண்ணெய். அவர் எட்டி உதைத்தது அடுப்பு வைத்திருந்த மர மேடையின் காலை. வாணலி சாய்ந்து, தடுக்கப் போன அவள் இடது கையில் முழங்கையிலிருந்து விரல்வரை கொட்டியது. அப்போதுதான் கத்தினாள். அப்படி ஒரு மனிதக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த நீலச் சீப்பு நழுவி, தரையில் தேங்கிய எண்ணெயில் விழுந்தது.

எதிர் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி ஆயிற்று என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா என் தோளில் கைவைத்து என்னை முன்னால் தள்ளினார்.

"பலகாரம் செய்யிறப்ப இவ கை பட்டு வாணலி சாஞ்சிடுச்சுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அப்பாவின் விரல்கள் தோள்பட்டை எலும்பில் இறங்கின. நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அந்தப் பொய் எங்கள் சொந்தத்தில் வேதவாக்காகிவிட்டது. அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விட்டால் இப்படித்தான் என்று தெருவில் யாரும் அடுத்த வருஷம் குழந்தைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. வெந்து சுருங்கிய கையோடு அவள் தனியாக உட்கார்ந்து மாவு பிசைந்தாள். சனிக்கிழமைகளில் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

அந்த அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் மதியம் விருந்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். மாமா என் தலையில் கைவைத்து, "எண்ணெயைக் கொட்டினவ வந்துட்டா, எல்லாரும் தள்ளி உட்காருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். நான் அந்தக் கையை இழுத்துக் கடித்தேன். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை. அவர் என் கன்னத்தில் அறைந்தும் விடவில்லை. ரத்தம் உப்பாக வாயில் வந்த பிறகும் விடவில்லை. அப்பா என் முடியைப் பிடித்துப் பிய்த்தெடுத்து, பெல்ட்டைக் கழற்றினார். பேய் பிடித்திருக்கிறது, ஃபாதரிடம் கூட்டிப்போய் மந்திரிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பெல்ட் விழ விழ நான் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள்மேல் வந்த கோபம் ஆற இருபது வருஷம் ஆயிற்று.

மாமா இறந்த பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள். அடக்கச் சடங்கில் அவரை நல்ல கணவர் என்று புகழ்ந்து முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் துணிக்கு அடியிலிருந்து அந்தச் சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க எல்லாம் இருந்தா அவர் கை நீட்ட மாட்டார்மா. அதுக்குத்தான் மாவை வளத்துக்கிட்டே இருந்தேன். நீ கொட்டலைன்னு ஒருத்தர்கிட்டயாவது நான் சொல்லியிருக்கணும். பயம்மா. பயந்தே போயிட்டேன்."

பிள்ளை ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்களைச் சுற்றி உட்கார வைத்து அவள் தனக்கு ஒரு சுவர் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவள் நான். எண்ணெயைக் கொட்டவில்லை என்று இத்தனை வருஷம் மனத்துக்குள் கத்தியவளுக்கு அதற்கு மேல் கத்த வாய் வரவில்லை.

இந்த வருஷம் தவக்காலத்தில் அத்தை போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கையைப் பற்றிய கதையை என் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டி குல்குல் உருட்டினோம். கீழ்வீட்டு மாமி, "முட்டை மட்டும் சேர்த்துடாதீங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார், அதனால் வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் மட்டும். நான் வாணலியை வைத்ததும் பத்து வயது மகள் மற்றவர்களைப் பின்னால் தள்ளி, "எங்க அம்மா பக்கத்துல போகாதீங்க, எண்ணெயைக் கொட்டிடுவாங்க" என்று சிரித்தாள்.

அடுப்பை அணைத்தேன். சீப்பை எடுத்து நடுவில் வைத்து, குழந்தைகள் என்றும் பாராமல் உள்ளதைச் சொன்னேன். ஒரு மாமா ஒரு அத்தையை அடித்தார், எண்ணெய் அவர் உதைத்ததில் கொட்டியது, பெரியவர்கள் பொய் சொன்னார்கள், பிள்ளைகள் இருந்தால் அவர் அடிக்க மாட்டார், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஐந்து வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. மகள் அழுதாள்.

மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு ஒன்பது வயது. எப்போதும் கடைசியாகத்தான் வீட்டுக்குப் போவாள். விளையாட்டு ஆசை என்று நினைத்திருந்தேன். அவள் உருட்டுவதை நிறுத்தாமல், தலை நிமிராமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்க அம்மாவும் இங்க வந்து உருட்டலாமா?"

ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். சீப்பு கையிலேயே இருந்ததை அழைப்பு மணியை அழுத்தும்போதுதான் கவனித்தேன். மூன்று முறை அழுத்திய பிறகு அந்தப் பெண்ணின் அப்பா ஒரு சாண் அளவு கதவைத் திறந்தார். அவர் மனைவியைக் கூப்பிட வந்தேன் என்றதும், அவளுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறாள் என்றார். அவருக்குப் பின்னால், உள்ளறையில், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கதவு மூடுவதற்குள் என் காலை உள்ளே வைத்தேன்.

"பரவாயில்லைங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "மாவு இன்னும் நிறைய இருக்கு."