மூன்றாவது பியூஸ்

கிருஷ்ணராஜ் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்துப் பெக்டரியில் பதினெட்டு வருடமாக மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர்தான். இன்னொருவர் இறுக்கிய நட்டைத் தானும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்காமல் மிஷினை ஓடவிட மாட்டார். தெரியாத ஆள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தால், யாரைப் பார்க்க வந்தார், எந்தப் பக்கமாகத் திரும்பிப் போனார் என்பதுவரை கவனித்து வைத்திருப்பார்.

கலியாணம் கட்டின காலத்தில் இவ்வளவு மோசமில்லை என்பாள் மனைவி பிரேமலதா. அவளுடைய தம்பி சின்னத்தம்பிக்கு நடந்ததுதான் அவரை இப்படி ஆக்கியது. தொண்ணூற்றாறில் அவன் கொழும்பில் ஒரு தகரக் கடையில் வேலை செய்தான். யாரோ கேட்டார்கள் என்று மூடி பற்றவைத்த தகரப் பெட்டிகள் கொஞ்சம் செய்துகொடுத்தான். பக்கத்துக் கடைக்காரருக்கு அது சரியாகப் படவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பையன், மூடிய பெட்டி, காலமும் கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த கெட்ட காலம். அவர் பொலிஸில் போய்ச் சொன்னார். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று சின்னத்தம்பி வெளியே வந்தான். வந்தவன் பழைய சின்னத்தம்பியாக இல்லை.

ஆகவே, தொண்ணூற்றொன்பதாம் வருடம் கார்த்திகை மாதத்தில் இரத்தினபுரியிலிருந்து ஜாபிர் என்ற மாணிக்க வியாபாரி காரில் வந்து பெக்டரி வாசலில் இறங்கி, “கிருஷ்ணராஜ் பாஸ் யாரு?” என்று கேட்டபோது, கிருஷ்ணராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, காரின் நம்பரைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் முன்னால் வந்தார்.

ஜாபிருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். களுத்துறைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் வருடத்துக்கு இரண்டு தடவை பந்தயம் நடக்கும். பழைய டட்சன் ஒன்றில் அதன் அளவுக்கு மீறிய பெரிய எஞ்சினைப் பூட்டி அவர் அதில் ஓடிக்கொண்டிருந்தார். எஞ்சின் தாங்கியது. பின்னச்சில் இருக்கும் டிஃபரென்ஷல் தாங்கவில்லை. எஞ்சினின் பலத்தையெல்லாம் இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அந்த இரும்புக் குடத்துக்குள்தான், ஒயிலில் நனைந்தபடி சுழலும்.

“எட்டாவது ரவுண்டில ஒயில் கருகுற மணம் வருது பாஸ். பத்தாவதில பின்னால அழுகுற சத்தம். மூணு டிஃபரென்ஷல் மாத்தியாச்சு. ஒங்கட ரோலர் மிஷின் கியர்பொக்ஸ் சூடாகாம இரிக்க நீங்க ஏதோ செஞ்சதாச் சொன்னாங்க. இதுக்கும் அப்பிடி ஒண்டு செய்ய ஏலுமா?”

கிருஷ்ணராஜ் செய்தது பெரிய வித்தை இல்லை. கிரேப் ரப்பர் பிழியும் ரோலரின் கியர்பொக்ஸிலிருந்து ஒயிலைச் செப்புக் குழாய் வழியாக இழுத்து, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் சுற்றவிட்டு, ஆறியதும் திருப்பி உள்ளே விட்டிருந்தார். ஆனால் இந்தப் பெரிய மனிதர் கொழும்பு கராஜ்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த மலைக்கு ஏன் ஏறி வந்தார்? காரின் அடியில் ஒரு பெட்டி, அதற்குள் குழாய். மாணிக்கக்காரர். பெட்டிக்குள் வேறு எதையாவது வைத்துக் கடத்தப் போகிறாரோ?

“செய்யலாங்க மொதலாளி. ஆனா மூடுன பெட்டி எதுவும் செய்ய மாட்டேன். எல்லாக் குழாயும் வெளிய தெரியணும். யாரு வந்து குனிஞ்சு பாத்தாலும் என்னான்னு வெளங்கணும்.”

“அது இன்னும் நல்லம். காத்து படுமே” என்றார் ஜாபிர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணராஜ் இரத்தினபுரிக்குப் போகத் தொடங்கினார். கார் நின்றது கபூர் என்பவரின் கராஜில். கபூருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜாபிருடைய வாப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டு வாகனங்களைப் பார்ப்பவர். கெட்டுப்போன மூன்று டிஃபரென்ஷல்களையும் பூட்டியவர் அவர்தான். தன் இடத்தில் வெளியாள் ஒருவன் வந்து கைவைப்பதை எந்த மெக்கானிக் பாஸ் விரும்புவார்? கபூர் முகம் சுளிக்கவில்லை, கேட்ட சாவியை எடுத்துக் கொடுத்தார், தேநீர் வரவழைத்தார். அதுதான் கிருஷ்ணராஜுக்கு இன்னும் உறுத்தியது.

இருவரும் டிஃபரென்ஷலின் மூடியில் இரண்டு துளை போட்டார்கள். கீழ்த் துளையால் ஒயில் வெளியே வரும். சின்ன மின்பம்ப் ஒன்று அதை இழுத்து, பம்பருக்குக் கீழே காற்றுப் படும்படி மாட்டிய குட்டி ரேடியேட்டருக்குள் தள்ளும். ஆறிய ஒயில் மேல் துளையால் திரும்பும். ஒயில் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் பம்பை ஓடவைக்க ஒரு தானியங்கிச் சுவிட்ச் வேண்டும். அதையும் பம்பையும் வாங்க, கிருஷ்ணராஜ் கொழும்பில் மோட்டார் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அவருடைய பைக்குள் ஒரு மோட்டார் பம்ப், சிவப்பு வயர், கறுப்பு வயர், வளைத்த செப்புக் குழாய், இலக்கம் பொறித்த பித்தளைச் சுவிட்ச்.

“மே மொனவத?” இதெல்லாம் என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார்.

பந்தயக் காரின் ஒயிலை ஆறவைக்கிற சாமான் என்று கிருஷ்ணராஜ் சுத்தமான சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் முதலில் சிரித்தார். அடையாள அட்டையில் லயத்து முகவரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. மர வாங்கில் உட்காரவைத்து, சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினார்கள். சின்னத்தம்பியும் இப்படித்தான் ஒரு வாங்கில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் கபூர் வந்து நின்றார். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த உடைந்த பல்சக்கரம் ஒன்றை மேசையில் வைத்தார். சூட்டில் நீலம் பாரித்திருந்த அந்தப் பற்களைக் காட்டி, ஒயில் எப்படிக் கருகுகிறது, பம்ப் எதற்கு என்று பெரிய அதிகாரிக்கும் சின்ன அதிகாரிக்குமாக மூன்று தடவை விளக்கினார். இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாயங்காலம் விட்டார்கள். பித்தளைச் சுவிட்சை மட்டும் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவே இல்லை.

அன்று முழுவதும் கிருஷ்ணராஜுக்கு ஒரே கேள்வி. நான் பிடிபட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது? நான் எந்தப் பஸ்ஸில் போகிறேன் என்று இவருக்குத்தானே சொல்லியிருந்தேன்? நன்றி சொன்னார்தான். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

“ஆளக் காட்டிக் குடுத்துட்டு, அப்புறமா வந்து காப்பாத்துறவனும் இருக்கான்” என்று பிரேமலதாவிடம் சொன்னார்.

“அவரு வந்ததுனாலதான் நீங்க வீட்டுல சோறு திங்கிறீங்க” என்றாள் அவள்.

சுவிட்ச் இல்லாமலே வேலையை முடித்தார். காரின் சாவியைத் திருப்பியதும் பம்பும் ஓடும்படி நேராக வயரைக் கொடுத்தார். சூட்டைத் தாங்கட்டும் என்று பெக்டரியில் ரோலருக்கு ஊற்றுகிற தடித்த ஒயிலையே டிஃபரென்ஷலுக்கும் ஊற்றினார்.

“சுவிட்ச் இல்லாட்டிப் பரவாயில்லையா தம்பி? ஒயிலும் கொஞ்சம் தடிப்பா இரிக்கிற மாதிரி” என்றார் கபூர்.

மூன்று டிஃபரென்ஷலைச் சாகடித்தவர் எனக்குப் பாடம் சொல்கிறார் என்று கிருஷ்ணராஜ் நினைத்தார். “அது நான் பாத்துக்கிறேங்க நானா” என்று மட்டும், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், சொன்னார். பக்கத்துக் குருவிட்டை வரை காரை ஓட்டிவிட்டு வந்து, கடைசியாகப் பம்பின் வயரை இணைத்துப் பார்த்தார்கள். அழகாக ஓடியது.

பந்தய நாளன்று காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓடுபாதையில் இறக்கினார்கள். காலைப் பயிற்சியில் ஜாபிர் ஐந்து சுற்று ஓடி வந்து நிறுத்தினார். புதிதாகப் பூட்டிய சூடுகாட்டும் மீட்டரின் முள் மேலே போயிருந்தது. கிருஷ்ணராஜ் குனிந்து பார்த்தார். பம்ப் ஓடவில்லை. பியூஸ் போயிருந்தது. புதியதைப் போட்டார். கார் ஆறி ஒரு மணித்தியாலம் கழித்து ஜாபிர் மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினார். அந்தப் பியூஸும் போனது.

இடையில் யார் காருக்குள் தலையை விட்டது? கபூர். டேஷ்போர்டுக்கு அடியில் அவர் குனிந்திருந்ததைக் கிருஷ்ணராஜ் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். இத்தனை நாளாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகச் சரிந்தது.

“நானா, பியூஸுல கைவச்சது நீங்கதானே? அன்னைக்கிப் பொலிஸுக்குச் சொன்னதும் நீங்கதானே?”

பக்கத்துக் கார்க்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “பாஸ்!” என்று அதட்டினார் ஜாபிர். கபூர் கையிலிருந்த பழந்துணியை மடித்து பொனட்டின் மேல் வைத்துவிட்டு, லொறியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“பொலிஸ்ல ஒங்கட பொக்கட்டில இருந்த என்ட விசிட்டிங் காட்டைப் பாத்து என்ட கடைக்குக் கோல் எடுத்தாங்க. நான் கொழும்பில. கடைப் பொடியன்தான் நானாவுக்குச் சொன்னான். நோன்பு புடிச்ச நாள், அதோட ஓடி வந்தாரு” என்றார் ஜாபிர். பிறகு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பந்தயத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. கிருஷ்ணராஜ் மூன்றாவது பியூஸைத் தானே போட்டார். காரைச் சுற்றி ஒருவரும் இல்லை. கதவருகே நின்று, பின்னால் இருந்த பம்புக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, எட்டிச் சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது, சுழலவில்லை. பட்டென்று ஒரு சத்தம். மூன்றாவது பியூஸும் அவரே திருப்பிய சாவியில் போனது.

டிஃபரென்ஷலின் மூடித் திருகாணியைத் தளர்த்தி விரலை விட்டுப் பார்த்தார். ஒயில் ஆறி, கித்துள் பனைப் பாகு போல விரலோடு இழுபட்டு வந்தது. இவ்வளவு தடிப்பை அந்தச் சின்னப் பம்ப் எப்படி இழுக்கும்? இரத்தினபுரியில் காரை ஓட்டிவிட்டு வந்துதானே எப்போதும் பரிசோதித்தோம்? சூட்டில் ஒயில் இளகியிருந்தது. இன்று லொறியில் வந்த கார். ஒயிலை ஊற்றியவர் அவர், வயரை நேராகக் கொடுத்தவரும் அவர். கபூர் கேட்ட இரண்டு கேள்வியும் இதுதான்.

பிறகு எழுந்து லொறியின் நிழலுக்குப் போனார்.

“நானா, பியூஸுல நீங்க கை வைக்கல்ல.”

“தெரியும்” என்றார் கபூர். “மீட்டர் வயர் தொங்கிச்சு. அதக் கட்டத்தான் குனிஞ்சேன்.”

“தப்பு என்னோடதுங்க. இப்ப ஒரு சுவிட்ச் வேணும். ஒயில் சூடானப்பொறம் மொதலாளி கையால போடுற மாதிரி.”

கபூர் எழுந்து லொறிக்குள் ஏறி, மூடுபனி விளக்கின் சுவிட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். இருவரும் சேர்ந்து வயரை வெட்டி அதைப் பூட்டினார்கள். மூன்றாவது சுற்று முடிந்த பிறகு சுவிட்சைப் போடும்படி ஜாபிரிடம் சொன்னார்கள்.

பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். எட்டாவதில் கருகல் மணம் இல்லை. பத்தாவதில் அழுகைச் சத்தம் இல்லை. ஒன்பது கார்களில் ஜாபிர் ஐந்தாவதாக வந்தார். அவர் கடைசிச் சுற்றுவரை ஓடி முடித்த முதல் பந்தயம் அது. இறங்கி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

காலையில் திரும்பிப் பார்த்த அதே ஆட்கள் அங்கே நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி கிருஷ்ணராஜ் சொன்னார்: “நான் கபூர் நானாவப் பத்திச் சொன்னது பொய். மன்னிச்சுக்கங்க நானா.”

“அண்டைக்கிப் பொலிஸில நான் பேசிக்கொண்டு இரிக்க, நீங்க அவங்களப் பாக்கல்ல, என்னையே பாத்தீங்க” என்றார் கபூர். “என்னச் சந்தேகப்படுறீங்க என்டு அப்பவே எனக்கு வெளங்கிச்சு. ஆனா ஏன் என்டு வெளங்கல்ல.”

லொறியில் திரும்பி வரும் வழியில் கிருஷ்ணராஜ் சின்னத்தம்பியின் கதையைச் சொன்னார்.

நடந்ததையெல்லாம் வீட்டில் கேட்டுவிட்டு பிரேமலதா அவருக்குச் சோறு போட்டாள். “என் தம்பியப் பத்திப் போய்ச் சொன்னானே அந்தக் கடக்காரன், அவனும் கண்ணால பாத்தேன்னுதான் சொன்னான்” என்றாள். கிருஷ்ணராஜ் சாப்பிடாமல் கை கழுவினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே இரத்தினபுரிக்குப் போனார். கபூர் ஏற்கெனவே தடித்த ஒயிலை வடித்துவிட்டு, இளகிய ஒயில் ஒரு டின் வாங்கி வைத்திருந்தார். இந்த ஒயில் பந்தயச் சூட்டைத் தாங்காது என்று கிருஷ்ணராஜ் சொன்னார், தாங்கும் என்று கபூர் சொன்னார். மத்தியானம்வரை இருவரும் அதைப் பற்றியே வாதாடினார்கள்.