ஏழாம் எண் நாற்காலி

“தனியார் நிறுவனத்தின் மென்பொருளைத் திருடித் தன் பெயரில் இணையத்தில் வெளியிட்டது குறித்து, காலை பதினொரு மணிக்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.”

டயாலிசிஸ் பிரிவின் டெக்னீசியன் இந்தக் கடிதத்தைக் காலையிலிருந்து எட்டுத் தடவை படித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ‘திருடி’ என்ற இடத்துக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு பஞ்சுச் சுருளைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள். அவளுக்குத் திருட்டுப் பட்டம்!

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று தடவை வந்து, ஆளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து உட்காரும் இடம் அது. நாற்காலிகள் பன்னிரண்டு. ஆனால் ஆள் உட்காருவது பதினொன்றில்தான். ஏழாவதுக்கு நேர் மேலே ஏசி சொட்டும். அந்த நாற்காலியில் நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருக்கும். ஏசியைச் சரிசெய்யச் சொல்லி எழுதிய கடிதங்களை அடுக்கினால் வாளி நிரம்பிவிடும்.

யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் முன்பு நோட்டில்தான் எழுதினார்கள். அடித்து அடித்து எழுதி, ஒருநாள் ஒரே நாற்காலியில் இரண்டு பேரைப் போட்டுவிட்டார்கள். ஊசி குத்திக்கொள்ளக் கையை நீட்டியபடி இரண்டு கிழவர்களும் போட்ட சண்டை வாசல் வரை கேட்டது. அன்றைக்குத்தான் டெக்னீசியனுக்கு ரோஷம் வந்தது. இயந்திரங்கள் ஓடும் நேரத்தில், பிரிவில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், யார் யாரோ இலவசமாகப் போட்டுவைத்த பாடங்களைப் பார்த்து நிரல் எழுதக் கற்றாள். ஒன்றரை வருஷத்தில் நாற்காலி ஒதுக்கும் நிரல் தயார். நோயாளிகள் அவளுக்குக் ‘கம்ப்யூட்டரம்மா’ என்று பெயர் வைத்தார்கள்.

ஊரான் கொடுத்ததை வைத்துக் கற்றதை ஊருக்கே கொடுப்பதுதானே நியாயம்? நிரல்களைப் பகிரும் ஒரு தளத்தில் அதை ஏற்றினாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் வரியில் இருக்கும், திரையைத் திறந்ததும் தெரியும் அவள் பெயரை நீக்கக் கூடாது. மருத்துவமனைப் பலகையில் அவள் ‘டெக்னீசியன்-3’. வீட்டில் ‘அம்மா’, ‘இந்தாம்மா’. அவளுடைய முழுப் பெயர் உருப்படியாக எழுதியிருந்த இடம் அந்த ஒரு வரிதான்.

போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் புதிய மென்பொருள் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்ததும் ஆடிப்போனாள். அவளுடையதேதான். பொட்டு மாற்றி, புடவை மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் வரியில் அவள் பெயர் மட்டும் இல்லை. பெயரைத் திரும்பப் போடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். ‘எங்கள் மென்பொருளை உங்கள் ஊழியர்தான் திருடியிருக்கிறார், வழக்குப் போடுவோம்’ என்று அவர்கள் நேரே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதிவிட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான் அந்த மடத்தனத்தைச் செய்தாள். தளத்தில் இருந்த தன் பக்கத்தை அடியோடு அழித்தாள். அழித்த பிறகுதான் உறைத்தது: எப்போது ஏற்றினாள் என்ற தேதியும் அதோடு போய்விட்டது. பழைய கம்ப்யூட்டர் எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கிறது, ஆனால் அது காட்டுவது நகலெடுத்த போன மாதத் தேதி. இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே தீர்த்துக்கட்டியிருந்தாள்.

பத்தரைக்குக் கணவர் போன் செய்தார். லிப்ட் மெக்கானிக். பாதி மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் பதறாத மனிதர், இன்று பதறினார்.

“ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா. வேலையாவது மிஞ்சும்.”

“செய்யாத திருட்டுக்கா?”

“பேருதானே போச்சு?”

“உங்களுக்கு அது ‘தானே’. வைங்க போனை.”

வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப நாற்காலியில் வைத்தாள். மாடி ஏறினாள்.

கண்காணிப்பாளர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். மேஜையில் பளபளவென்று அவருடைய விளம்பரத் தாள். சுவர்த் திரையில் அவருடைய மென்பொருள்.

“ரெண்டு வருஷமா எங்க டீம் ராப்பகலா உழைச்சது சார். இப்ப ஒன்பது ஆஸ்பத்திரியில ஓடுது. இதோ பாருங்க, இது வேற ஊர் ஆஸ்பத்திரி, இந்த நிமிஷம் யார் யார் எங்க இருக்காங்கன்னு தெரியுது.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க? நீங்கதான் முதல்ல எழுதினீங்கன்னா ஆதாரம் இருக்கா?” என்றார் கண்காணிப்பாளர்.

எதைச் சொல்வது? அழித்ததைச் சொன்னால், குற்றத்தை மறைக்க அழித்தாள் என்பார்கள். அந்த முகங்களைப் பார்க்கச் சக்தியில்லாமல் திரையில் வரிசையாக இருந்த நாற்காலி எண்களைப் பார்த்தாள்.

நான்கு, ஐந்து, ஆறு. எட்டு, ஒன்பது.

இன்னொரு தடவை எண்ணினாள். ஏழு இல்லை. ஏழாம் எண்ணைத் தவிர்க்கச் சொல்லி அன்றைக்குச் சோம்பேறித்தனமாக நிரலின் நடுவயிற்றில் ஒரு வரி செருகியிருந்தாள். ஊருக்குக் கொடுக்கும்போது அதை எடுக்க மறந்தே போனாள்.

“சார், அந்த ஆஸ்பத்திரியில ஏழாம் நம்பர் நாற்காலிக்கு என்ன ஆச்சு?”

கம்பெனிக்காரர் திரையைப் பார்த்தார். சிரிப்பு ஒரு நிமிஷம் தடுமாறியது. “அது... அவங்க வசதிக்கு ஏத்த மாதிரி வெச்சிருப்பாங்க. எங்க கஸ்டமருங்க எவ்வளவு திருப்தியா இருக்காங்கன்னு நீங்களே கேளுங்களேன்” என்று வீறாப்பாகப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த ஊர் டெக்னீசியன் எடுத்தார். மென்பொருளை ஆகா ஓகோ என்றார். கம்பெனிக்காரர் போனை வைக்கப் போனார்.

“ஒரு நிமிஷங்க,” அவள் மேஜைமேல் குனிந்தாள். “நானும் உங்களை மாதிரி டெக்னீசியன்தான். உங்ககிட்ட ஏழாம் நம்பர் நாற்காலி எங்கங்க இருக்கு?”

“அதையேன் கேக்கறீங்க! இந்த சாஃப்ட்வேர்ல ஏழே வராதுங்க. ஆறுக்கு அப்புறம் நேரா எட்டுக்குத் தாவும். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது, யாருக்கும் சரிபண்ணத் தெரியலை. கடைசில நாங்களே நாற்காலி ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிக்கிட்டோம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதானாமே!”

அவள் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள்.

“சார், ‘ஏசி ஒழுகுவதால் ஏழாம் எண் நாற்காலியைப் பயன்படுத்த வேண்டாம்.’ அந்த உத்தரவு உங்க கையெழுத்துதான். நாலு வருஷமாச்சு. பிரிவுச் சுவர்ல இன்னும் ஒட்டியிருக்கு. இவர் தாள்ல கம்பெனி ஆரம்பிச்சே ரெண்டு வருஷம்னு போட்டிருக்கு. இவங்க ஆஸ்பத்திரி எதுலயாவது ஏசி ஒழுகுதான்னு கேளுங்க.”

கண்காணிப்பாளர் விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தார். உத்தரவு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏசியின் ஞாபகமும் வந்திருக்க வேண்டும், காலரைத் தளர்த்திக்கொண்டார். கம்பெனிக்காரர், “எங்க பசங்க யாராவது தெரியாம எங்கேருந்தாவது...” என்று மென்று விழுங்கினார்.

“தெரியாம எடுத்திருந்தா என் பேரும் அதோட சேர்ந்தில்ல வந்திருக்கும்?” என்றாள் அவள்.

கண்காணிப்பாளர், தான் அனுப்பிய கடிதத்தை அவள் கையிலிருந்து இழுத்துக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க சார். தப்புன்னு அதுலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.” பிறகு கம்பெனிக்காரரிடம், “ஒன்பது ஆஸ்பத்திரியிலயும் முதல் வரியில என் பேர் வரணும். உங்க பொழப்பைக் கெடுக்க நான் வரலை. எனக்கு அந்த ஒரு வரி போதும்” என்றாள். மாடிப்படி இறங்கினாள். நடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பிரிவுக்கு ஒரு போன் வந்தது. ஒரு ஆண் குரல் அவளுடைய முழுப் பெயரை, இனிஷியலோடு, திருத்தமாகச் சொல்லி, “அவங்க இருக்காங்களா?” என்றது. ஆஸ்பத்திரிக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“நான்தான் பேசறேன்.”

“அன்னிக்கு ஸ்பீக்கர்ல பேசினேனே, ஞாபகம் இருக்கா? இப்ப ஸ்க்ரீன்ல உங்க பேர் வருதுங்க. எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சதும் நேரா உங்களையே கேட்டுடலாம்னு... அந்த ஏழை மட்டும் திருப்பித் தர முடியுமா?”

அவள் பென் டிரைவில் இருந்த நிரலைத் திறந்து அந்த ஒற்றை வரியைத் தேடிப் பிடித்தாள். அவளைக் காப்பாற்றிய வரி. அழித்தாள்.

“உங்க முழுப் பேர் என்னங்க?”

“எம் பேர் எதுக்குங்க?”

“தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னது நீங்கதானே? என் பேருக்குக் கீழே எழுதணும்.”

அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் நிதானமாக அடித்துக்கொண்டே வந்தாள்.