மாமா மாட்டிய டர்போ

எங்கள் லாரிக்கு டர்போ மாட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ஆனால் கையில் முறுக்குப் பொட்டலத்தோடும் வாயில் ஏதாவது ஒரு புது யோசனையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவார். அப்பாவின் லாரி பழசு. செய்யூரைச் சுற்றியுள்ள தோப்புகளில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது முக்கி முனகும். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாமான், பார்க்க நத்தை ஓடு மாதிரி இருக்கும். எங்கள் லாரி கம்பெனியிலிருந்து வரும்போது அது இல்லாமல்தான் வந்தது. மாமா வெளி மார்க்கெட்டில் ஒன்றைப் பிடித்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில் உருண்டு புரண்டு மாட்டினார். மறுநாள் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா, "மச்சான், வண்டி பறக்குதுடா" என்றார். அதன்பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் புகை ஆரம்பித்தது. கரும்புகையாக இருந்திருந்தால் அப்பா கவலைப்பட்டிருக்க மாட்டார். இது நீலம். இன்ஜின் ஆயில் எரிகிற நாற்றம் தெருக்கோடி வரை அடித்தது. ஒவ்வொரு நடைக்கும் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. தோப்புக்காரர்கள் வேறு லாரியைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அப்பாவின் வாயில் 'மச்சான்' போய் 'உன் தம்பி' வந்தது. கடைசியில் ஒரு நாள் காலையில் மாமாவை வாசலில் நிற்க வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இன்னிக்கு வண்டிய செங்கல்பட்டுக்கு எடுத்துகினு போறேன். பொகை நின்னுச்சின்னா சரி. நிக்கலன்னா உன் தம்பி இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அப்பா அப்படிச் சொன்னால் சொன்னதுதான். தன் கூடப்பிறந்த அண்ணனோடேயே பல வருஷமாகப் பேச்சு வைத்துக்கொள்ளாதவர் அவர். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். அம்மா உள்ளே போய் எனக்குத் தலை வாரி, கைப்பிடித்து இழுத்து வந்து லாரியில் ஏற்றினாள். "புள்ள நடுவுல குந்தட்டும். அது இருந்தா ரெண்டு பேரும் வாய அடக்குவீங்க" என்றாள். பள்ளிக்கூடம் லீவு. லாரியில் ஊர் சுற்றக் கிடைத்ததே என்று நான் குதித்தேன்.

அந்தச் சந்தோஷம் கடற்கரைச் சாலை வரைக்கும்தான் நிலைத்தது. அப்பா நேராகப் பார்த்து ஓட்டினார். மாமா ஜன்னல் பக்கம், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தார். நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். கல்பாக்கம் தாண்டும்போது எங்கள் பின்னால் வந்த பஸ்ஸில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. புகை நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். மாமா வராத சனிக்கிழமையை நினைத்தாலே எனக்கு அழுகை முட்டியது.

செங்கல்பட்டில் பைபாஸ் ஓரத்துப் பட்டறைக்காரர் டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை என்றார். ஆயில் இறங்கும் பைப்பைக் கழற்றி ஊதிப் பார்த்தார். கேஸ்கட்டை மாற்றினார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அப்பா ஸ்டார்ட் செய்வார், மூன்று பேரும் பின்பக்கம் ஓடிப் பார்ப்போம், நீலப் புகை எங்களுக்கு முன்னாலேயே அங்கே நிற்கும். நாங்கள் டர்போ டர்போ என்றே சொன்னதால் அந்த மனிதரும் டர்போவைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆகும்போது கையைத் துடைத்துக்கொண்டு, இந்தச் சாமான் இந்த வண்டிக்கு ஒத்துவராது, கழற்றிப் போட்டுவிடுங்கள் என்றார். ஆயில் இப்படிக் காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தால், ஒரு நாள் டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டே ஓடும், வெடிக்கிற வரைக்கும் நிற்காது என்றும் சொன்னார். மாமா ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்டேன். கழற்றுவதை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா வண்டியைக் கிளப்பினார்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டி மறுபடி கடற்கரைச் சாலையில் ஏறியதும் இன்ஜின் சத்தம் மாறியது. அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. பிரேக்கை அழுத்தி, சவுக்குத் தோப்பை ஒட்டி வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நிற்கவில்லை. அலறியது. சீட்டு, கண்ணாடி, என் பல் எல்லாம் அதிர்ந்தன. ஊரே மூடுகிற மாதிரிப் புகை.

"பாப்பாவ எறக்குடா!" என்று அப்பா கத்தினார். மாமா என்னைத் தூக்கித் தோப்பு மணலில் போட்டுவிட்டு, சாக்கோடு வண்டியின் பக்கவாட்டில் பாய்ந்தார். அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் "நைனா, எறங்கு! எறங்கு நைனா!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. மாமா காற்று இழுக்கும் குழாயின் வாயில் சாக்கைத் திணித்து, தன் உடம்பையே அதன்மேல் வைத்து அழுத்தினார். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அடங்கியது. அதற்குப் பிறகு கடல் சத்தம் மட்டும் கேட்டது. நான் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தேன்.

அப்பா இறங்கி வந்து என் தலையைத் தொட்டார். மாமாவை என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். மாமா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஏதோ தோன்றியவர் போல ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று அவர் முகத்தில் அடித்தது.

"மாமா, இன்ஜினுக்கு மூச்சு முட்டிகினு கீது" என்றார் அப்பாவிடம்.

இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் டர்போவுக்குப் போன ஆயில் கீழே இறங்க முடியாமல் காற்றோடு கலந்துவிடும். மாமா போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவையும் கூப்பிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். அந்தக் குழாயின் நுனியில் ஒரு துணியை நாலாக மடித்து, சணலால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கிளிப்பச்சையில் மஞ்சள் புள்ளி. அம்மாவின் பழைய புடவை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. லாரி ராத்திரியில் நிற்கும் இடத்தில்தான் பகலில் அம்மா வேர்க்கடலை காயப்போடுவாள். டர்போ மாட்டியதிலிருந்து அந்தக் குழாய் சொட்டுச் சொட்டாக ஆயிலை ஒழுகவிட்டது. மல்லாட்டையெல்லாம் ஆயில் நாத்தம் அடிக்குது என்று அம்மா இரண்டு பேரிடமும் முறையிட்டாள். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் துடைக்கிற மாதிரி, அவளே ஒரு வழி பண்ணிவிட்டாள்.

அப்பாவும் மாமாவும் வண்டிக்கடியில் மல்லாந்தபடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டித் தோப்புக்குள் தூர எறிந்தார். வண்டியைக் கிளப்பினோம். உள்ளே தேங்கியிருந்த ஆயில் கொஞ்ச தூரம் எரிந்தது. செய்யூர் வருவதற்குள் கண்ணாடியில் சாலை சுத்தமாகத் தெரிந்தது.

அம்மா தெருவிலேயே நின்றிருந்தாள். புகை இல்லாததை அவள் பார்த்துவிட்டாள். ஆனாலும் அப்பா வாயைத் திறக்கும்வரை அவள் நகரவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடு" என்றார் அப்பா. அவள் முகத்தில் உயிர் வந்தது.

சாப்பிடும்போது இன்னா ஆச்சு என்று கேட்டாள். ஆயில் சொட்டும் அந்த மூச்சுக் குழாய் அடைத்திருந்தது என்றார் அப்பா. அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. "அதுல நா துணி கட்டியிருந்தனே?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "அது அன்னிக்கே எங்கியோ அவுந்து வுழுந்துடுச்சி. ஓடற வண்டில துணி நிக்குமா? எல்லாம் உன் தம்பி வேலை. கொழாய மடக்கி மாட்டிகினு கீறான் தொரை."

நான் வாயைத் திறந்தேன். மாமா ஒரு அப்பளத்தை முழுசாக என் வாயில் திணித்துவிட்டு, "ஆமாக்கா, என் தப்புதான்" என்றார்.

அன்று எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாமா மேல் தப்பே இல்லை என்பது தெரிந்தும் பழியை அவர் தலையில் போட்டுவிட்டாரே என்று வெந்தேன். அதோடு விட்டாரா? பொங்கல், காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் பந்தியில் அந்தக் கதையை எடுப்பார். "கொழாய மடக்கி மாட்டி எங்கள சாவடிக்கப் பாத்தவன் இவன்" என்பார். மாமா தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார். "போதும் வுடுங்க, பாவம்" என்று அம்மா தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

என் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, அது திரும்பி வரும்வரை தெருவில் நின்ற அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புருஷன், தம்பி, பெற்ற பிள்ளை, மூன்று பேரையும் சாவுக்கு அனுப்பப் பார்த்தது தன் கைதான் என்று தெரிந்திருந்தால் அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளாவது கண்மூடித் தூங்கியிருப்பாளா? அப்பா மாமாவைத் திட்டுகிறார் என்றுதான் நான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.