சத்தமில்லாத ஜீப்புக்கு இரண்டு கல்

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிப்பு வராது. 2008 நவம்பரில், இலங்கையில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், டிரைவர் செல்லச்சாமிக்கு நடந்தது இது.

அன்று அவன் மனைவி புஷ்பவதிக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். தோட்டத்து லொறி மாத்தளைக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது தோட்டத்துத் துரையின் புது ஜீப்தான். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. முன்சக்கரத்தை எஞ்சின் இழுக்கும். பின்சக்கரத்துக்கு கரண்ட் மோட்டார். வண்டி நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும்.

மாலை 4.10. ஒரே பனி. ஆஸ்பத்திரிக்குப் போகும் சேற்று ஏற்றத்தில் பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் சூடேறி, பின்சக்கரம் செத்துவிட்டது. முன்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றியது. செல்லச்சாமி பிரேக்கை மிதித்தான். எஞ்சின் அணைந்தது.

ஒரு சத்தமும் இல்லை…

தட்.

பின்கதவில் ஒரே தட்டு. லொறி ஓட்டியவனுக்குத் தெரியாதா? கிளீனர் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு என்றால் போ. ஆனால் இந்த ஜீப்பில் கிளீனர் ஏது? வண்டிதான் நிற்கிறதே!

வெளியே பார்த்தான். பாதையோர மரம் முன்னால் நகர்ந்தது.

ஐயோ… வண்டி பின்னால் சறுக்குகிறது! பின்னால் பள்ளம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். நிற்கவில்லை.

கடக்.

கடக்.

நின்றது.

"ஏங்க… பின்னுக்கு யாருங்க?" புஷ்பவதி முனகினாள். "சாக்கு போத்திக்கிட்டு ஒருத்தர் குனியுறாரு. கல்லு வைக்கிறாரு."

திரும்பினான். பனி மட்டும்தான்.

4.22. சிவப்பு விளக்கு அணைந்தது.

தட்… தட்.

போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

5.40க்கு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் காலை, முன்பு தோட்டத்து லொறி ஓட்டிய இராமசாமியோடு அந்த ஏற்றத்துக்குப் போனான். பள்ளத்துக்கு அரையடி முன்னால் இரண்டு கல். பார்த்ததும் இராமசாமி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி… இது மாடசாமி. என் கிளீனரு. தொண்ணூத்தாறுல இதே ஏத்தத்துல என் லொறி பின்னுக்குச் சறுக்குச்சு. தட்டியிருக்கான். எஞ்சின் கூச்சல்ல எனக்குக் கேக்கல. கல்லு வைக்கக் குனிஞ்சவன் மேலயே ஏத்திட்டேன்."

செல்லச்சாமி ஒரு கல்லைத் தூக்கப் போனான்.

"தொடாத! சுண்ணாம்பு தெரியுதா? போன பொங்கலுக்கு நான்தான் பூசினேன்… அவனைப் பொதைச்ச குழிமேட்டுல."

குழிமேடு இரண்டு மைல் கீழே. இருவரும் போய்ப் பார்த்தார்கள்.

தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று நட்டிருந்தவை. இரண்டு கல்லும் அங்கே இல்லை.